பின்பக்கமாக ஏறும் லாரி

லாரி பின்பக்கமாகத்தான் மேடேறிக்கொண்டிருந்தது. நாறும்பூநாதன் கழுத்தை முழுசாகத் திருப்பி, அரிசி மூட்டைகளுக்கு நடுவே தெரிந்த கையகலச் சந்து வழியாக, தெருவின் உச்சியில் இருந்த சத்திரத்து வாசலைப் பார்த்தபடி ஓட்டினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், குற்றாலத்து ஆனிச் சாரல். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்று சிரித்தார்கள்.

"ஏலே, லாரிக்கு வெக்கம்லே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவுது பாரு" என்றான் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவன்.

லாரியின் முகத்துக்கு நேராக, பள்ளத்துப் பக்கம், மாடன் ஒரு புளியங்கட்டையோடு நடந்து வந்தான். இஞ்சின் திணறும்போதெல்லாம் குனிந்து முன்சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகுவான். வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பியதும் எடுத்துக்கொள்வான். தென்காசியில் மூட்டை ஏற்றுவதும் இங்கே கட்டை போடுவதும் நாலு வருஷமாக அவன் வேலை. "வண்டி எங்கிட்ட மட்டுந்தான் மூஞ்சியக் காட்டுது மொதலாளி. மத்தவங்களுக்கெல்லாம் முதுகுதான்" என்று சொல்லிச் சிரிப்பான்.

சிரிக்கிறவர்களைக் கண்டால் நாறும்பூநாதனுக்கு விளக்கம் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த லாரியில் பெட்ரோல் தொட்டி டிரைவர் உட்காரும் பலகைக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு செம்புக் குழாய் இஞ்சினுக்குப் போகிறது. பெட்ரோலை இழுப்பதற்கோ தள்ளுவதற்கோ ஒன்றும் கிடையாது. வாய்க்கால் தண்ணீர் மாதிரி அது தானாக ஓட வேண்டும். சமதரையில் ஓடும். மூக்கைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் இஞ்சின் மேலே போய்விடும், தொட்டி கீழே நின்றுவிடும். பள்ளத்துத் தண்ணீர் மேட்டு வயலுக்கு எப்படிப் பாயும்? அதனால் வண்டியைத் திருப்பிப் போட்டுவிட்டால் தொட்டி மேலே, இஞ்சின் கீழே. போதாததற்கு, முன்னால் போகிற கியரைவிடப் பின்னால் போகிற கியருக்குத்தான் இழுவை அதிகம். இது முதுமை இல்லை. வண்டி வாங்கிய முதல் நாளிலேயே இப்படித்தான் ஏறியது.

சத்திரத்துக் காரியஸ்தர் சங்கரநாராயணன் அன்றைக்கு வாசலிலேயே காத்திருந்தார்.

"என்ன வேய் இது? அன்னம் போடுத எடத்துக்கு ஒரு வண்டி குண்டியக் காட்டிக்கிட்டு வரலாமா?"

நாறும்பூநாதன் ஆர்வமாகிவிட்டான். தண்ணீர்ப் பந்தலில் இருந்த கெண்டியைக் கேட்டு வாங்கி, மூக்கை மேலே தூக்கிக் காட்டினான். ஒரு சொட்டும் வரவில்லை. மூக்கைத் தாழ்த்தியதும் கொட்டியது. "இம்புட்டுத்தான் அய்யா வெசயம்" என்றான்.

"அது கெண்டி. அதுக்கு எங்கன வாயின்னு எனக்குத் தெரியும். உம்ம வண்டிக்குத்தான் எது வாய், எது பின்புறம்னு தெரியல" என்றார் காரியஸ்தர். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, போகிற போக்கில் சொல்வதுபோலச் சேர்த்துக்கொண்டார்: "அடுத்த நடைக்கு அந்தக் கட்டைக்காரன் தெருமுக்கோட நின்னுக்கிடட்டும். சீசன் கூட்டம் பாரும்."

அடுத்த நடையில் மாடன் தெருமுக்கில் நின்றுகொண்டான். பாதி மேட்டில் இஞ்சின் திணறி நின்றது. கட்டை போட ஆள் இல்லை. பிரேக்கை மிதிக்க மிதிக்க லாரி பன்னிரண்டு அடி தூரம் சறுக்கி, ஒரு சக்கரம் தெருவோரச் சாக்கடை வாறுகாலில் இறங்கியது. இரண்டு மூட்டை பிரிந்து அரிசி தெருவெல்லாம் சிதறியது. காரியஸ்தர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"கெழட்டு வண்டி வேய். ஆடிக்குள்ள நல்ல வண்டியா வாங்கும். இல்லைன்னா சத்திரத்து நடைய வேற ஆளுக்குக் கொடுத்திருவேன்."

சத்திரத்து நடை போய்விட்டால் அப்புறம் லாரிக்கு வருஷத்தில் பாதி நாள் வேலை இருக்காது.

பாளையங்கோட்டையிலிருந்து ஞானதுரை என்ற லாரி விற்கும் ஏஜெண்டு, இரண்டே வருஷம் ஓடிய லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். நாறும்பூநாதன் அதன் மூடியைத் திறந்தவன் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டான். இஞ்சினுக்கு மேலே தண்ணீர்ச் செம்பு மாதிரி ஒரு சின்னத் தொட்டி இருந்தது. பப்பாளித் தண்டு வழியாக இளநீரை உறிஞ்சுகிற மாதிரி, இஞ்சின் தன் மூச்சாலேயே கீழே இருக்கிற பெட்ரோலை உறிஞ்சி அந்தத் தொட்டியில் நிரப்பிக்கொள்கிறது. அங்கிருந்து பெட்ரோல் தானாக இறங்குகிறது. மேடோ பள்ளமோ கவலை இல்லை. இதை யோசித்தவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. பழையதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கிவிடுவது என்று அப்போதே மனசுக்குள் முக்கால்வாசி முடிவாகிவிட்டது.

ஞானதுரை அந்த லாரியைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய், மூக்கு முன்னால் இருக்க, சத்திரத்து வாசல் வரை ஒரே மூச்சில் ஏற்றினான். பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கியும் காட்டினான். "பாத்தியளா அண்ணாச்சி, இதுக்குக் கட்டையும் வேண்டாம், கட்டைக்காரனும் வேண்டாம்."

காரியஸ்தரின் முகம் மலர்ந்துவிட்டது. நாறும்பூநாதன் தோளில் கை வைத்தார்.

"அதைச் சொல்லும். இனிமே அந்தச் சேரிக்காரன் காலு இந்தத் தெருவுல படாதுல்லா. நாலு வருசமா ஒவ்வொரு வீட்டுக்கும் நான் பதில் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். உம்மகிட்ட நேரா எப்படிச் சொல்லுததுன்னுதான் வண்டியச் சொன்னேன்."

சாரல் நின்று வெயில் அடித்தது. நாறும்பூநாதனுக்குக் காது மடல் சுட்டது. எந்தத் திருகு எந்தப் பக்கம் கழலும் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருந்தவனுக்கு இது தெரியவில்லை. கெண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றோமே, பெட்ரோல் எப்படி ஓடுகிறது என்று இந்த மனுஷனுக்குப் பாடம் நடத்தினோமே என்று நினைக்க நினைக்க, அவர் மேல் வந்த ஆத்திரம் திரும்பித் தன் மேலேயே பாய்ந்தது. வண்டி கிழடு என்றார். அதை நம்பி நேற்று அதன் சக்கரத்தை ஓர் உதை உதைத்தானே.

ஞானதுரை மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருந்தான். காலையில் தென்காசிக் கிட்டங்கியில் மூட்டை ஏற்றும்போது நாறும்பூநாதன் மாடனிடம் எல்லாவற்றையும் சொன்னான். மாடன் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு மொதல்லயே தெரியும் மொதலாளி. நீங்க கெண்டியத் தூக்கினியன்னு கேட்டுத்தான் சிரிச்சேன்."

"ஏம்லே எங்கிட்டச் சொல்லல?"

"காரியஸ்தரு ஒரு சொல்லுச் சொன்னாரு, நீங்களும் நில்லுலேன்னு நிப்பாட்டுனிய. பெறகு நான் என்ன சொல்ல?" மாடன் தலைத்துண்டை உதறிக் கட்டினான். "புதுசு வாங்கணும்னா வாங்குங்க. எனக்குப் பொழைக்க வேற வழியில்லாமப் போயிராது. ஆனா இந்த வண்டி கெழடுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லாதீய. கட்டை இருந்த வரைக்கும் அது ஒரு நாளும் வழுக்கல."

லாரி மேலகரம் தாண்டிக் குற்றாலம் வந்தது. தெருமுக்கில் லாரியைத் திருப்பிப் போட்டதும் மாடன் இறங்கி, கட்டையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"ஏலே மாடா, கட்டைய எடு."

"மேல காரியஸ்தரு நிக்காரு."

"நான் பின்னால பாத்துக்கிட்டுத்தானலே ஓட்டுதேன். அவரை நான் பாத்துக்கிடுதேன். நீ வண்டியப் பாரு."

"அடி விழுந்தா எனக்குல்லா மொதலாளி விழும்."

நாறும்பூநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தான். மறுபடி சாரல் விழுந்தது. மாடன் தெருவை ஒரு தடவை, லாரியை ஒரு தடவை பார்த்தான். பிறகு எழுந்து, கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டான்.

லாரி ஏறியது. முதல் வீட்டுக் கதவு திறந்தது. பிறகு எதிர் வீடு. பாதி மேட்டில், சக்கரம் இறங்கிய அதே வாறுகாலுக்குப் பக்கத்தில், இஞ்சின் திணறாமல் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும்போது, நாறும்பூநாதன் கையை நீட்டி அதை நிறுத்தினான். வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது. அடியில் டக்கென்று கட்டை விழுந்த சத்தம் கேட்டது. அவன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

மேலேயிருந்து ஒரு கறுப்புக் குடை வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. இருபது மூட்டை அரிசியும் லாரியும் அந்தப் புளியங்கட்டையின் மேல் அசையாமல் நின்றன. பள்ளத்துப் பக்கம் மாடன் தலைத்துண்டை அவிழ்த்து, தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு விளக்குகளின் கண்ணாடியிலிருந்தும் சாரலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.