அடுப்பில் வைத்த பேட்டரிகள்

பேட்டரியை அடுப்பில் வைக்காதீர்கள் என்று இந்தக் கட்டிடத்தில் எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சாதாரண பேட்டரி என்றால் வைக்கலாம். செத்துப்போன கட்டையைக் கொஞ்ச நேரம் சூடு காட்டினால் ரேடியோவில் இன்னொரு செய்தி கேட்கும் அளவுக்கு உயிர் வரும். முற்றுகை தொடங்கி இருபது மாதம் ஆகிறது, சரயேவோவில் எல்லா வீட்டிலும் இந்த வைத்தியம் தெரியும். ஆனால் சார்ஜ் ஏற்றும் பேட்டரி வேறு சாதி. அதற்கு இந்த வைத்தியம் செய்தால் அது கொலை. நான் டிராம் பணிமனையில் பேட்டரி அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். என் பேச்சை யார் கேட்கிறார்கள்?

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஐந்தாம் மாடி ஷெஃபிகா ஒரு துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"ஸும்ரா அக்கா, நீ என்னை அடிச்சாலும் பரவாயில்ல."

துண்டைப் பிரித்தேன். முந்தின நாள் சாயங்காலம் நான் அவள் கையில் கொடுத்த ஆறு பேட்டரிகள். இன்னும் சூடு போகவில்லை. இரண்டின் தலை வாய் பிளந்து, வெள்ளையாக எதையோ கக்கியிருந்தது.

"அடுப்புலயா வெச்சே?"

"சமையல்கட்டுல வாளித் தண்ணியே கல்லா கெடக்கு அக்கா. குளிருல செத்துடுமோன்னு பயந்துட்டேன். தட்டு மேல ஓரமாத்தான் வெச்சேன். கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு..."

"தெம்பா இருக்கட்டும்னு! நாலு நாளு சைக்கிள் மிதிச்சு ஏத்தினதுடி அது. உனக்குக் கண்ணு இல்லையா, மேல எழுதியிருக்கறதப் படிக்கத் தெரியாதா?"

 எனக்குத் திட்டுவதற்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த ஆறு பேட்டரியும் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

அன்று பதினொரு மணிக்கு அவளுக்கு ரேடியோவில் முறை. மூன்றாம் மாடி நெஜாத்திடம் ஒரு கைரேடியோ இருக்கிறது. அது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய ரேடியோவைப் பிடிக்கும், பெரிய ரேடியோ கடற்கரையில் ஸ்பிளிட் நகரத்தைப் பிடிக்கும். அங்கே போய்ச் சேர்ந்த சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று இங்கே இருப்பவர்களோடு பேசுவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்து நிமிடம். நெஜாத் யாரிடமும் ஒரு சிகரெட்டுகூட வாங்க மாட்டான். ஆனால் பேட்டரி அவரவர் கொண்டுவர வேண்டும், அதுதான் முறை. அவனுடைய பேட்டரிகள் போன குளிர்காலத்திலேயே போய்விட்டன.

ஷெஃபிகாவின் மகள் ஜெனிதாவுக்கு இப்போது ஏழு வயது. ஐந்து வயதில், கடைசியாகப் போன பேருந்துகளில் ஒன்றில், பெரியம்மா ரஸியா அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். தூக்கிக்கொண்டு போனாள் என்றால் அப்படியேதான். ஷெஃபிகா வேண்டாம் என்று அழுதுகொண்டிருக்கும்போதே பிள்ளையைப் பிடுங்கிப் பேருந்தில் ஏற்றினாள். "என் பிள்ளையத் திருடிட்டே, நீ நல்லா இருக்க மாட்டே" என்று ஷெஃபிகா தெருவில் நின்று கத்தினாள். அந்த வாரமே ஜெனிதா வழக்கமாகப் படுக்கும் அறையில் குண்டு விழுந்தது. ரஸியா செய்தது சரிதான். ஆனாலும் அந்தச் சாபம் ரஸியாவின் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

இப்போது ரஸியாவின் குடும்பத்துக்கு ஸ்வீடனில் இடம் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை பேருந்து. போன வாரம் வந்த துண்டுக் கடிதத்தில் எழுதியிருந்தாள்: 'ஜெனிதாவைக் கூட்டிப் போகட்டுமா? உன் வாயால் நீ சொன்னால்தான் கூட்டிப் போவேன். இன்னொரு தடவை அந்தப் பாவத்தைச் சுமக்க மாட்டேன். ஒன்றும் சொல்லாவிட்டால் இங்கே குழந்தைகள் இல்லத்தில் விட்டுவிட்டுப் போவேன்.'

"நீ என்ன சொல்லப்போறே?" என்று முன்பே அவளைக் கேட்டிருந்தேன்.

"இருன்னு சொல்லப்போறேன். வசந்தத்துல வெளியே போறவங்க பட்டியல்ல என் பேரு வருதாம். ஸ்வீடன் எங்கே இருக்கு, நான் எங்கே இருக்கேன்? அப்புறம் நான் அவளப் பாக்கவே முடியாது அக்கா."

"போன வருஷமும் வசந்தத்துல உன் பேரு வரும்னுதான் சொன்னாங்க."

அதற்கு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சரி. எட்டு மணி. மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்கு பேட்டரி எப்படியோ பிழைத்திருந்தது. வாய் பிளந்த இரண்டும் அவ்வளவுதான். ரேடியோவுக்கு ஆறு வேண்டும், ஐந்தே முக்கால் என்றாலும் அது வேலை செய்யாது. ஷெஃபிகா ஒவ்வொரு மாடியாக ஓடிக் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தாள். நான் மேசை இழுப்பறையைக் கவிழ்த்தேன். என் வீட்டுக்காரருடைய பழைய ஷேவர் ஒன்று கிடந்தது. அதன் வயிற்றைக் கிழித்தால் இரண்டு பேட்டரி, அதே அளவு, அதே சாதி. மீட்டரை வைத்தேன். பூஜ்யம். இரண்டுமே பூஜ்யம்.

"செத்துப்போச்சா?" என்றாள்.

"கோமாவுல கெடக்கு. சைக்கிள் மேல ஏறு."

வருடக்கணக்கில் சும்மா கிடக்கும் பேட்டரிக்கு உள்ளே முடி மாதிரி உலோக இழை வளர்ந்து இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிடும். அப்படி ஒட்டிய பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் ஓட்டைப் பானையில் ஊற்றியது மாதிரிதான். அந்த இழையை எரித்தால் பேட்டரி எழுந்து உட்காரும். எரிக்க ஒரே அடியில் பெரிய மின்சாரம் வேண்டும். என்னிடம் இருந்தது தாங்கியில் நிறுத்திய ஒரு சைக்கிள், அதன் டைனமோ, ஒரு டையோடு, பழைய ரேடியோகிராமிலிருந்து கழற்றிய, மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே அடியில் விடும், முஷ்டி அளவுள்ள கண்டென்சர். டைனமோவில் விளக்கைக் கழற்றிவிட்டு வெறியோடு மிதித்தால் வோல்டேஜ் நான்கு மடங்கு ஏறும். அதைக் கண்டென்சரில் நிரப்பி, பேட்டரியின் தலையில் ஒரே தொடுதல்.

"மிதிடி. பின்னாடி நாய் துரத்துதுன்னு நெனச்சுக்கோ."

"நாயெல்லாம் எங்க இருக்கு அக்கா இப்போ?"

அந்த நேரத்திலும் அவளுக்கு அப்படிச் சொல்லத் தோன்றியது. நான் சிரித்துவிட்டேன். அவள் மிதித்தாள். காலையில் அரைக் கோப்பை சோறு தின்ற உடம்பு அது. மீட்டர் இருபத்தைந்தைக் காட்டியதும் கண்டென்சரின் கம்பியைப் பேட்டரியில் தொட்டேன். பட்டென்று நீலமாக ஒரு பொறி. மீட்டரில் பூஜ்யம். மறுபடி மிதித்தாள், மறுபடி பொறி. பூஜ்யம். ஏழாவது தடவை முள் லேசாக ஆடியது. ஒன்பதாவது தடவை ஏறி நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டாவது பேட்டரி பிடிவாதம் பிடித்தது. இருபது தடவை அடித்தேன். ஷெஃபிகா கைப்பிடியின் மேல் கவிழ்ந்து வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிதித்தாள். இறங்கு, நான் மிதிக்கிறேன் என்றேன். "நான்தானே அடுப்புல வெச்சேன்" என்றாள். இருபத்து மூன்றாவது அடியில் அதுவும் எழுந்தது. அவள் சைக்கிள் மேலிருந்தே என் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

பிறகு இரண்டையும் டைனமோவில் மாட்டி, மாற்றி மாற்றி மிதித்துப் பத்தே முக்கால் வரை சார்ஜ் ஏற்றினோம். ஆறையும் கோர்த்து ஒரு டார்ச் பல்பை வைத்துப் பார்த்தேன். பல்பு எரிந்தது. கார் விளக்குப் பல்பை வைத்தேன். ஒரு கணம் சிவந்தது, படுத்துவிட்டது.

 அடித்து எழுப்பிய பேட்டரிக்குச் சின்ன வேலை செய்ய முடியும், பெரிய சுமை தூக்க முடியாது. கைரேடியோவில் கேட்பது சின்ன வேலை. பொத்தானை அழுத்திப் பேசுவதுதான் பெரிய சுமை. இதைச் சொல்லாமல் மறைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஷெஃபிகா, நல்லாக் கேட்டுக்கோ. அவங்க பேசறது உனக்குக் கேக்கும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேக்கும். நீ பேச முடியாது. ஒரு தடவ பொத்தான அழுத்தலாம். ஒரு மூச்சு. ரெண்டு வார்த்தைக்குள்ள சொல்லிடணும். அப்புறம் அணைஞ்சிடும்."

"ஒரு மூச்சா?"

"ஒரே மூச்சு."

"ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு மூச்சா அக்கா?"

 அவளை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

நெஜாத் படிக்கட்டு ஜன்னல் ஓரத்தில், சுவருக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். நிலைமையைச் சொன்னேன். "அக்கரைக்கு ஓடிப்போய் நானே சொல்லிடுவேன், ஆனா பாலத்த இன்னிக்கு அடிச்சிட்டே இருக்கானுங்க. ராத்திரிக்கு முன்னாடி தாண்ட முடியாது" என்றான்.  பேட்டரிகளைப் போட்டான். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

கரகரவென்று இரைச்சல். அக்கரை ஆள் ஷெஃபிகாவின் பெயரைக் கூப்பிட்டான். பிறகு ரஸியாவின் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல.

"ஷெஃபிகா, நான் ரஸியா. நீ இருக்கியா? என் மேல இன்னும் கோவமா இருக்கியா? சனிக்கிழமை பஸ். நீ சொல்லு, கூட்டிட்டுப் போறேன். வேணாம்னு சொல்லு, விட்டுட்டுப் போறேன். நீ சொல்லாம நான் அவளக் கூட்டிட்டுப் போக மாட்டேன். முதல்ல பிள்ளைகிட்ட பேசு."

ஷெஃபிகாவின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. உதடு மட்டும் 'இரு, இரு' என்று ஒத்திகை பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"அம்மா?"

ஜெனிதாவின் குரல் மாறியிருந்தது. கடற்கரை ஊர்க்காரர்களைப் போல இழுத்துப் பேசினாள்.

"அம்மா, எனக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. நான் நீச்சல் அடிப்பேன். அம்மா, அங்க பெரிய பள்ளிக்கூடம் இருக்காம். அங்க சத்தம் வராதாம். இங்க பட்டாசு வெடிச்சாக்கூட நான் கட்டிலுக்கு அடியில போயிடறேன், பசங்க சிரிக்கறாங்க. நான் போகட்டுமா அம்மா? நீ சொன்னாத்தான் போவேன்."

ஷெஃபிகா கண்ணை மூடினாள். நான் அவள் தோளைப் பிடித்திருந்தேன், அந்தத் தோள் கல்லாக இருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"போ கண்ணு, போ."

பச்சை விளக்கு அணைந்தது.

 நெஜாத் ரேடியோவை அணைத்துவிட்டு நூறு வரை எண்ணினான். சுமையை இறக்கினால் இந்தப் பேட்டரிகள் கொஞ்சம் தேறும், அது எனக்குத் தெரியும். மறுபடி போட்டான். விளக்கு எரிந்தது, முன்பைவிட மங்கலாக. அக்கரை ஆளின் குரல் வந்தது.

"... ஸ்பிளிட்டுக்குக் கேட்டுச்சு. போன்னு சொன்னது அம்மா குரல்தான்னு உங்க அக்கா சொல்றாங்க. அழறாங்க. பிள்ளை இன்னும் பேசணுமாம்."

ஷெஃபிகா தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். முடிந்தது, எல்லாம் முடிந்தது, பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

"அம்மா, நீயும் வருவேதானே?"

இரைச்சல். பிள்ளை பதிலுக்குக் காத்திருந்தாள். இங்கே ஷெஃபிகா கையைப் பொத்தானிலிருந்து எடுத்து, முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுத்தினால் அந்தக் குரலும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். "வருவேன்" என்று காற்றிடம் சொன்னாள்.

"அம்மா, எப்போ வருவே?"

"சீக்கிரம்டா."

"அம்மா, ஏன் பேச மாட்டேங்கறே?"

ஷெஃபிகா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம். கேட்டுக்கொண்டே இரு, கிடைத்தவரைக்கும் கேள்.

"ஒரு வார்த்ததான் சொன்னே. போன்னு சொல்லிட்டு ஒண்ணுமே பேச மாட்டேங்கறே. நான் கேட்டதுனால கோவமா? நான் உன்ன விட்டுட்டுப் போறேன்னு கோவமா அம்மா?"

ஷெஃபிகா பாய்ந்து ரேடியோவைப் பிடுங்கினாள். நான் கையை நீட்டினேன், பாதியில் இழுத்துக்கொண்டேன். தடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பொத்தான் உள்ளே போனது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே விளக்கு அணைந்துவிட்டது. அவளும் அதைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "இல்லடா. இல்ல. கோவம் இல்ல. இல்ல."

கட்டிடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். மேல் மாடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து பிரித்தெடுக்க நானும் நெஜாத்தும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.