இரண்டு திரையிலும் மொந்தர்

வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்ததும் எழுந்து நின்றுவிட்டாள். கழுத்து அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் நன்றி சொல்லி அட்டையை மாட்டிக்கொண்டேன், முறுக்கிக்கொண்டிருந்த நாடாவை நேராக்கினேன், கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மொந்தர் போனதிலிருந்து இப்படித்தான். எனக்காக அழ வருகிறவர்களையும் நான் அழவிடாமல் செய்துவிடுகிறேன்.

மொந்தர் என் கணவன், தொழிலிலும் கூட்டாளி. துனிஸில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். இணையப் பக்கத்தை வரைவது அவன், அதை ஓட வைப்பது நான். இந்த வெப் டிசைன் மாநாட்டை நண்பன் லஸ்ஸாதோடு சேர்ந்து தொடங்கியவனும் அவன்தான். குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தான். பாதாம் பூக்கிற நேரத்தில் போய்விட்டான். அடக்கத்தன்று நான் அழவில்லை. நாற்பதாம் நாள் பெண்களெல்லாம் மாரடித்துக்கொண்டிருந்தபோது வந்தவர்களுக்குக் காப்பித் தண்ணி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் அடுப்படியில் யாரிடமோ என்னை நெஞ்சழுத்தக்காரி என்று சொன்னது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது. பதினொரு வருஷம் ஒருத்தனோடு வாழ்ந்துவிட்டு ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் என்ன வாழ்ந்தேன் அவனோடு? ஊசி மரப்பு இறங்கும். இது இறங்காமலே போய்விட்டால், அல்லது இறங்கின பிறகும் அடியில் ஒன்றுமே இல்லையென்றால்? அதுதான் என் பயம்.

புருஷன் போனவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா முடியாமல் ஹோட்டலுக்கு என்ன ஊர்வலம் என்று மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மொந்தர் பெயரில் வருஷா வருஷம் ஒரு பரிசு கொடுக்கப்போகிறார்கள், இன்றைக்கு அறிவிப்பு, நான் இல்லாவிட்டால் நன்றாயிருக்காது என்றேன். அவள் தள்ளி நின்றாள்.

"போ. போய் அங்கயாவது ஒப்புக்கு ரெண்டு சொட்டு விட்டுட்டு வா. ஊரு என்ன பேசும்?"

ஹோட்டல் நகரத்துக்கு வெளியே கம்மார்த்தில், கடலைப் பார்த்தபடி. லஸ்ஸாத் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தான். நான் பேசவெல்லாம் வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும் என்று கையைப் பிடித்துச் சொன்னான். சும்மா உட்காருவதற்கு என்னைவிட ஆள் கிடையாது. காசாபிளாங்காவிலிருந்து வந்தவன் மெதுவான போன்களில் பக்கம் திறக்கிற வேகம் பற்றிப் பேசினான். அவன் சொன்னதில் ஒரு கணக்கு தப்பு என்று பட்டது. அதை மொந்தரிடம் சொல்லத் திரும்பினேன் என்றெல்லாம் சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். திரும்பவில்லை. தப்பு என்று பட்டது, அவ்வளவுதான். மத்தியானம் ஃப்ரிகாசே கொடுத்தார்கள். எண்ணெயில் பொரித்த அந்த ரொட்டிக்குள் வழிய வழிய ஹரிஸ்ஸா வைத்திருந்தான் மகராசன். பக்கத்தில் நின்றவன் உறைப்பில் மூக்கை உறிஞ்சினான். நான் இரண்டு தின்றேன், எனக்கு மிளகாய்கூட உறைக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து அல்லாஹ் பொறுமையைக் கொடுக்கட்டும் என்றார்கள். பொறுமைக்கு என்ன குறைச்சல், அதுதான் மூட்டை மூட்டையாக இருக்கிறதே.

சாப்பாட்டுக்குப் பிறகு லஸ்ஸாத் மேடையேறினான். எங்கள் மாநாட்டில் எப்போதும் இரண்டு திரை. இடது பக்கத் திரையில் பிரெஞ்சு, வலது பக்கத் திரையில் அரபி. அவன் மொந்தரின் பெயரைச் சொன்னதும் இரண்டிலும் அவன் முகம் வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு மொந்தரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் இதைவிட அசிங்கமான தப்பு இல்லை. பிரெஞ்சு இடமிருந்து ஓடும், அரபி வலமிருந்து ஓடும். அதனால் பிரெஞ்சில் செய்த பக்கத்தை அரபிக்குக் கொண்டுபோகும்போது கண்ணாடியில் பார்த்ததுபோல மொத்தமாகத் திருப்பிப் போடுவோம். நிரலில் ஒரே ஒரு வரி போதும். ஆனால் கடிகாரத்தைத் திருப்பக் கூடாது, முகத்தைத் திருப்பக் கூடாது. மேடையில் ஒவ்வொரு வருஷமும் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியது மொந்தருக்குத்தான். இப்போது அவனையே திருப்பிவிட்டார்கள். அரங்கம் முழுக்க இந்தத் தப்பைக் கண்டுபிடித்துப் பிழைக்கிற கூட்டம். பின்வரிசைகளில் ஒரு சலசலப்பு எழுந்து, நான் இருப்பது நினைவு வந்து அடங்கியது. லஸ்ஸாத் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நண்பனைப் புகழ்ந்துகொண்டிருந்தான்.

அரபித் திரையில் இருப்பதுதான் தப்பு என்று எழுந்தேன். எழுந்தவள் அப்படியே நின்றேன். அது போனில் அவன் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம், போன வருஷம் பிஸெர்ட் கடற்கரையில். சில போன்கள் அந்தப் படத்தைக் கண்ணாடி மாதிரியே திருப்பித்தான் சேமிக்கும். அப்படியானால் பிரெஞ்சுத் திரையில் இருப்பது திரும்பின முகம், அதை மறுபடி திருப்பியதில் அரபித் திரையில் தற்செயலாக நேராகிவிட்டிருக்கும். பின்னால் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். வெறும் தண்ணீர். சட்டைப் பித்தானைப் பார்க்கலாமென்றால் போட்டிருப்பது பனியன். வகிட்டைப் பார்க்கலாமென்றால் ஒட்ட வெட்டின தலை. தாடையில் சின்ன வயசில் விழுந்த தழும்பு ஒன்று, ஒரு திரையில் இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம்.

எந்தப் பக்கம்?

எனக்குத் தெரியவில்லை. என் புருஷன் முகத்தில் தழும்பு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு முகமும் எனக்குப் பழகின முகமாக இருந்தது. தினமும் காலையில் ஒரே கண்ணாடி முன்னால் இடித்துக்கொண்டு பல் தேய்த்தோம், அங்கே பார்த்தது ஒரு முகம். திரும்பினால் பக்கத்தில் நின்றது இன்னொரு முகம். எதை வைத்திருந்தேன், எதை விட்டேன்? அழுகை வராததைக்கூட உடம்பு வாகு என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன சமாதானம்? மாமியாரைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவாள்.

அரங்கத்தின் கடைசியில் திரைகளை இயக்கும் மேசை. அங்கே அம்மார் உட்கார்ந்திருந்தார், வழக்கமாக ஒலியும் ஒளியும் பார்க்கிற பெரிய தொப்பைக்காரர். நான் வருவதைப் பார்த்ததும் காதில் இருந்ததைக் கழற்றினார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாத்தேன் மேடம். மன்னிச்சிடுங்க, டெம்ப்ளேட் தானா திருப்பிடுச்சு. எது சரின்னு சொல்லுங்க, ஒரு பட்டன்தான்."

நான் மறுபடி திரைகளைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, லஸ்ஸாத் பேசி முடித்ததும் இந்தப் படத்தைத்தான் பரிசுப் பக்கத்தில் ஏற்றப்போவதாகச் சொன்னார். இனி வருஷா வருஷம் இதுதான் இருக்கும், அதனால் இப்போதே சொல்லிவிட்டால் நல்லது என்றார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. நீங்கதானே மேடம் சொல்லணும்."

நான்தான் சொல்ல வேண்டும். அதற்குள் மேடையில் லஸ்ஸாத், மொந்தருக்காக எல்லோரும் ஃபாத்திஹா ஓதுவோம் என்றான். மொத்த அரங்கமும் எழுந்து கைகளை ஏந்தியது. நானும் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டேன். மனதுக்குள் ஓதத் தொடங்கினேன். நடுவில் என் இடது கை தானாக எழும்பியது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரங்களில் நான்தான் அவனுக்குச் சவரம் செய்துவிட்டேன். நர்ஸ்கள் செய்தால் பிடிக்காது. கட்டில் விளிம்பில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து, வலது கையில் ரேசர், இடது கையால் தோலை இழுத்துப் பிடிப்பேன். பெருவிரல் அந்தத் தழும்புக் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே மயிர் முளைக்காது, சோப்பு நுரையிலும் பிடி வழுக்காது. இழுக்காத, வலிக்குதுடி என்பான். கொஞ்சம் பொறு, முடிஞ்சிடுச்சு என்பேன்.

முன்னால் நாற்காலிகள் நகர்ந்தன. கண்ணைத் திறந்தேன். ஓதி முடித்து எல்லோருடைய கைகளும் அவரவர் முகத்தை வழித்துக்கொண்டு இறங்கின. அம்மார் பட்டன்மேல் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இடது கை மட்டும் இறங்கவில்லை. உட்கார்ந்திருக்கிற ஒருவனின் முக உயரத்தில், பெருவிரலை என் இடப்பக்கமாக அழுத்தியபடி, காற்றில் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.