பஸ் ஏறும் காட்சியில் அம்மா சொன்னது

மண்ணூரில் கோயிலை ஒட்டிய கூடத்தில், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜோவிதா படம் போடுவாள். உள்ளூர்ப் பெண். கல்லூரியில் ஆங்கிலம் படித்துவிட்டு, ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போடுவதெல்லாம் பிரிட்டிஷ் படங்கள். பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை. பள்ளிக்கூடத்தைக் கட்டடித்துவிட்டுச் சுற்றும் பையன்கள், லேத் பட்டறையில் முதலாளியை முறைக்கும் பையன்கள், மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குப் போய் அடித்துக்கொள்ளும் பையன்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று வசனத்தையெல்லாம் அவளே தமிழில் சொல்வாள்.

தங்கமாரி முதல் தடவை அங்கே போனது மின்விசிறிக்காக. அவள் ஹாஸ்டலில் ஒரே அறையில் எட்டுப் பேர். வயது பத்தொன்பது, ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம், போன் பாகங்கள் பூட்டும் லைனில் வேலை. அன்றைக்குத் திரையில் சங்கு ஊதியதும் வெள்ளைக்காரப் பெண்கள் கும்பலாகக் கேட்டைத் தாண்டி ஓடினார்கள். “வெள்ளக்காரியளுக்கும் ஷிப்ட்டா?” என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு படத்தையும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோவிதா போன் செய்தாள். “ஆடிட்டுன்னு ஆபீஸுக்கு இட்டாந்துட்டாங்கடி. பென்டிரைவ் எங்கப்பா கைல கீது. நீ போட்டுவுடு.”

“கதைய யாருக்கா சொல்லுவா?”

“நீதான். மூஞ்சியப் பாத்தா தெரியாதா இன்னா? பாத்துகினே சொல்லு.”

நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பிஸ்கட் கம்பெனியில் டப்பா அடுக்கும் பதினேழு வயதுப் பெண்ணின் கதை அது. “அவ ஏதோ கேக்கா. அவரு முடியாதுங்காரு,” என்று இழுத்தாள் தங்கமாரி.

“அது எங்களுக்கே தெரியுதுட்டி,” என்றாள் பின்வரிசையிலிருந்து அறைத்தோழி பேச்சி. “என்ன கேக்கான்னு சொல்லு.”

அப்போது திரையில் சூபர்வைசர் வந்தார். கழுத்தில் டை, கையில் கடிகாரம். அவரைத் தங்கமாரிக்கு நன்றாகவே தெரியும். “பாத்ரூமுக்குப் போயி ஏழு நிமிசமாச்சு. அங்கன என்ன கூடு கட்டுதியா?” என்று குரலைத் தடித்துச் சொன்னாள். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பிறகு அவளை நிறுத்த ஆள் இல்லை. அந்தப் பெண் வீட்டில் போட்ட சண்டையை மூச்சுவிடாமல் சொன்னாள். லண்டனுக்குப் போகிறேன் என்று அவள் பெட்டியைத் தூக்கியபோது கைதட்டினார்கள்.

பஸ் நிற்குமிடம் வந்தது. மழை. பின்னாலேயே ஓடிவந்த அம்மா, மகளின் கோட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினாள். உதடுகள் அசைந்தன. தங்கமாரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொங்கலுக்குத் தங்கமாரி ஊருக்குப் போயிருந்தாள். இவளைக் கேட்காமலே மாமன் மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள் அம்மா கனகலட்சுமி. கத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள் திரும்பியே பார்க்கவில்லை. வெயிலில் பின்னால் வந்த அம்மா, சன்னல் கம்பிக்கு வெளியே நின்று ஒன்றே ஒன்று சொன்னாள். அன்றிலிருந்து நாலு மாதமாக அம்மாவின் அழைப்பு எதையும் இவள் எடுக்கவில்லை.

“சொல்லுட்டி,” என்றாள் பேச்சி.

“சன்னலோரமா உக்காரு,” என்றாள் தங்கமாரி. “ஒனக்கு பஸ்ஸுல வாந்தி வரும்லா. நான் சொல்லுதது எதுவும் புடிக்கலன்னா கேக்காண்டாம். இத மட்டும் கேளு.”

பேச்சி துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். மீதிப் படத்தைத் தங்கமாரி எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வெளியே வந்தபோது, அடையாள அட்டை கழுத்தில் தொங்க ஜோவிதா நின்றிருந்தாள்.

“எப்பம்க்கா வந்தீய?”

“பஸ் சீன்லயே வந்துட்டேன்.”

“அந்தம்மா நெசமா என்னக்கா சொல்லுச்சு?”

ஜோவிதா சற்றுத் தயங்கினாள். “‘போறியா, போ. திரும்பி வந்தா கதவத் தொறக்க மாட்டேன்’னுச்சு.”

“ஐயோ, தப்பாச் சொல்லிட்டனே!”

“இன்னா தப்பு? கோட்ட வுடாமப் புடிச்சிகினுதான அத்தச் சொல்லுது? வுடு. நீ சொன்னதே இருக்கட்டும்.” அவள் தோளில் கை போட்டு அழுத்தினாள். “இனிமே நான் அர்த்தம் சொல்றேன், நீ கதை சொல்லு. இன்னா?”

தங்கமாரி தலையாட்டிவிட்டு, சைக்கிள் நிறுத்தும் கொட்டகை நிழலில் போய் நின்று போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் அம்மா.

“எம்மா.”

“ம்.”

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “ஒரு படம் பாத்தம்மா,” என்று ஆரம்பித்து, முழுக் கதையையும் சொன்னாள். கனகலட்சுமி நடுநடுவே சூபர்வைசரைத் திட்டினாள். கதையில் பஸ் வந்ததும் திட்டு நின்றுபோனது.

“அந்தப் புள்ள நல்லபடியா போய்ச் சேந்துச்சா?” என்று கடைசியில் கேட்டாள்.

“சேந்துட்டா. ஒரு கடையில வேல கெடச்சிருக்கு.”

“கலியாணம்?”

“அதப் படத்துல காட்டலம்மா.”

மறுமுனையில் அம்மா கோழிகளை விரட்டும் சத்தம் கேட்டது.

“காட்டாட்டி என்ன,” என்றாள் கனகலட்சுமி. “மெதுவாப் பண்ணட்டும்.”