கன்னத்தில் ஒட்டிய கை

மேஸ்திரி ஓங்கி அறைந்த கை ஜெபக்காரனின் கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த மழைக்காலம் வரை கழன்று வரவில்லை. இது நடந்தது இறைச்சிக் கம்பெனியின் எலும்பறுக்கும் கூடத்தில். சாப்பாட்டுக்கு முன் கண்மூடி நிற்பவன் என்பதால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். முந்தின வாரம் அவன் பெண்டாட்டியின் தம்பி அதே கூடத்தில் இடது கையின் மூன்று விரல்களை ரம்ப மிஷினுக்குப் பறிகொடுத்திருந்தான். வேலை வேகமாக நடக்கட்டும் என்று ரம்பத்தின் மூடியைக் கழற்றி வைத்தவர் மேஸ்திரி. குடித்துவிட்டு வந்து கையை விட்டான் என்று முதலாளியிடம் சொல்லி அவனைத் துரத்தியவரும் அவரே. "அவன் குடிக்கிறவன் இல்ல, மேஸ்திரி. மூடியை மாட்டுங்க. அதுவரைக்கும் நான் மிஷினைத் தொடமாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் ஜெபக்காரன் சொன்னதற்குத்தான் அந்த அறை.

கை வராததைக் கண்டு மேஸ்திரிக்கு வெறி ஏறியது. இடது கை முறியும்வரை அவன் முகத்தில் குத்தினார், முழங்காலால் வயிற்றில் இடித்தார், நெஞ்சில் காலை ஊன்றி இழுத்தார். கன்னத்தோல் கிழிந்து ரத்தம் அவர் முழங்கை வழியே ஒழுகியதே தவிர கை அசையவில்லை. ஜெபக்காரன் ஒன்றும் சிலையாக நிற்கவில்லை. மாடு மாதிரிக் கதறினான். மேஸ்திரியின் தொண்டை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தானாக எழும்பிய தன் முஷ்டியை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டான்.

சேதி கேட்டு மைத்துனன் கட்டுப்போட்ட கையோடு ஓடிவந்தான். நல்ல கையில் வெட்டுக்கத்தி. "மச்சான், அசையாதீங்க. மணிக்கட்டோட எடுத்துடறேன்." கூடமே "வெட்டுடா" என்றது. மேஸ்திரிக்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. கத்தி இறங்கியபோது ஜெபக்காரன் தன் முன்கையைக் குறுக்கே நீட்டினான். எலும்பில் போய்த்தான் கத்தி நின்றது.

"ஆண்டவரைப் பிடிக்க வந்தவன் காதைப் பேதுரு வெட்டினப்ப அவர் கைதட்டினாராடா? கீழ போடு" என்றான்.

"அப்போ என் விரலு? அதையும் நீங்களே மன்னிச்சிடுவீங்களா?"

"என்னை அடிச்சதை நான் விட்டாச்சு. உன் விரலுக்கு மன்னிக்க நான் யாரு? நடந்ததை இவர் வாயாலயே சொல்ல வைக்கிறேன்."

டாக்டர்கள் வெட்டுக்குத் தையல் போட்டார்கள்; ஒட்டிய கை விஷயத்தில் கையை விரித்துவிட்டார்கள். மேஸ்திரி ஒண்டிக்கட்டை. ஜெபக்காரன் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனான். "என் தம்பி விரலைத் தின்ன ஆளுக்கு நான் தட்டு வைக்கணுமா?" என்று பெண்டாட்டி தட்டை வீசியடித்தாள். பிறகு அவளே பொறுக்கி வைத்தாள். ஜெபக்காரன் ரொட்டியைப் பிட்டு முதல் வாயை மேஸ்திரிக்கு ஊட்டினான். தினமும் காலையில் அவரைக் கன்னத்தோடு இழுத்துக்கொண்டு தொழிலாளர் அதிகாரியின் முன் போய் நின்றான். மேஸ்திரி வாயே திறக்கவில்லை. மழைக்காலம் பிறந்த அன்று முதலாளியின் ஆட்கள், இனி அதிகாரியிடம் போகக்கூடாதென்று அவர்களை வழிமறித்துச் சங்கிலியால் விளாசினார்கள். ஒட்டிக்கிடந்ததால் பாதி அடி மேஸ்திரிக்கு. அவர் சுருண்டு விழுந்தபோது ஜெபக்காரன் அவர் மேலேயே கவிழ்ந்து மீதியை முதுகில் வாங்கினான்.

மறுநாள் மேஸ்திரி அதிகாரியிடம் சொன்னார்: "மூடியைக் கழட்டினது நான். அவன் குடிக்கல. நான் சொன்னது பொய்." கை கழன்றது, கொஞ்சம் தோலும் கூடப் போனது.

ரம்பத்துக்கு அந்த வாரமே மூடி வந்தது, மைத்துனனுக்கு வேலையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் மேஸ்திரி ஒப்புக்கொண்ட அன்றே, அதிகாரியின் அறையில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மைத்துனன், "இதைச் சொல்ல இத்தனை நாளாடா உனக்கு?" என்று பாய்ந்து, நல்ல கையால் மேஸ்திரியை அறைந்தான். அது ஒட்டிக்கொண்டது. பழகிப்போன விஷயம் என்பதால் அதிகாரி தலை நிமிரவில்லை. மேஸ்திரியின் விடுபட்ட கை மேலே எழுந்தது. எல்லோரும் விலகினார்கள். அந்தரத்தில் நின்ற கை, பிறகு மெல்ல இறங்கியது.

மைத்துனன் இருந்ததும் அக்காள் வீட்டில்தான். அன்று சாப்பாட்டில் மேஸ்திரி ரொட்டியைப் பிட்டு அவன் வாயருகே நீட்டினார். "சாப்பிடு தம்பி." அவன் அவர் முகத்தில் துப்பினான். துடைத்துக்கொண்டு அடுத்த துண்டைப் பிட்டார். அடுத்த வேளையும் துப்பினான், அதற்கடுத்த வேளையும். கடைசியில், பசியோ வேறெதுவோ, வாயைத் திறந்து மென்று விழுங்கினான்.

"உப்பு பத்தல" என்றான்.

அக்காள் உப்பை மேஸ்திரி பக்கம் நகர்த்தி வைத்தாள்.