வெல்டன் திறந்த ஜன்னல்

வடக்கே, கராடி என்ற புறநகர்ப் பகுதியில், வெளிநாட்டுப் படங்களுக்குக் கணினியில் காட்சிகளை முடித்துக் கொடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் அலினாவுக்கு ஒளி அமைக்கும் வேலை. ஹாலிவுட் இயக்குநர் ஹாரிஸ் வெல்டனின் புதுப் படத்திலிருந்து ஒரு காட்சி அவளிடம் வந்தபோது, மேற்பார்வையாளர் பத்ரி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான்: இருட்டு.

வெல்டன் என்றால் உலகத்துக்கே இருட்டுதான். முகம் பாதிக்குமேல் தெரியாது. ஆள் திரையின் ஓரத்தில் நிற்பான். வெளிச்சம் அவன் முதுகுக்குப் பின்னால் ஏதாவது ஒரு கதவிலிருந்து வரும்.

ஆனால் அலினா அவருடைய பதினொரு படங்களையும் வரிசையாகப் பார்த்தவள். எட்டாவது படம் படுத்துவிட்டது. ஒன்பது வருடம் யாரும் அவரை நம்பவில்லை. கார் விளம்பரங்கள் எடுத்துக் காலம் தள்ளினார். திரும்பி வந்து எடுத்த மூன்று படங்களிலும், யாராவது பொய் சொல்லும் இடத்தில் மட்டும் முகத்துக்கு நேரே ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தார். இந்தக் காட்சியிலும் ஒரு மகள், ஆஸ்பத்திரி வராந்தாவில், பிழைக்கமாட்டார் என்று தெரிந்த அப்பாவிடம் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள்.

அலினா பத்ரி கேட்டதைச் செய்தாள். கூடவே, ஜன்னல் வைத்து இன்னொன்றும் செய்தாள்.

பத்ரி இரண்டாவதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இது வெல்டன் மாதிரியே இல்லியே."

"பழைய வெல்டன் மாதிரி இல்ல. இப்போ இப்படித்தான் எடுக்கறார்." அதே ஊரின் கட்கிப் பகுதியில் பிறந்து வளர்ந்தவளின் தமிழில் இந்தி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "ரெண்டும் காட்டுங்க பத்ரி. பிடிக்கலன்னா மேரா நாம், என் பேரைச் சொல்லிடுங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெல்டன் வீடியோவில் வந்தார். எழுபதைத் தாண்டியவர். முதலாவதைப் பார்த்ததும், யாரோ தன்னைக் காப்பியடித்திருப்பதாக வருத்தமாகச் சொன்னார். இரண்டாவதை மூன்று முறை ஓட்டச் சொன்னார். பிறகு, ஜன்னலைத் திறந்தது யார் என்று கேட்டார்.

பத்ரி பேசாமல் இருந்திருக்கலாம். கேமராவை அலினா பக்கம் திருப்பினான்.

இப்போதெல்லாம் நீங்கள் பொய்யை வெளிச்சத்தில்தானே வைக்கிறீர்கள் என்றாள் அவள், ஆங்கிலத்தில். கிழவர் சிரித்துவிட்டார். தன் படங்களைப் பற்றி இத்தனை பேர் எழுதியும் யாரும் அதைக் கவனிக்கவில்லையாம். ஆனால் மகளின் இடது கன்னத்தில் வெளிச்சம் அதிகம், குறைக்க வேண்டும் என்றார்.

பத்ரி குறித்துக்கொள்ளப் போனான். அலினா மறுத்தாள். அங்கே குறைத்தால் இமை துடிப்பது தெரியாமல் போய்விடும். அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுப்பதே அதுதான்.

வெல்டன் திரும்பவும் ஓட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். அப்படியே விடச் சொன்னார்.

அழைப்பு முடிந்ததும் பத்ரி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "வராந்தா காட்சி இன்னும் இருபத்தாறு இருக்கு. எல்லாத்தையும் நீயே எடுத்துக்க. எனக்குத் தெரிஞ்சது பழைய வெல்டன்தான்."

"எடுத்துக்கறேன். பெஹ்லே நாஷ்டா பண்ணிட்டு வரேன்," என்று அலினா எழுந்து காலைச் சாப்பாட்டுக்குக் கேன்டீனுக்கு நடந்தாள்.