கை படாத ரிப்பன்

நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு மனித குலத்தின் மாபெரும் நாள் இதுவே என்று, இரும்புத் தகடு வெட்டும் புதிய தானியங்கிப் பிரிவின் திறப்பு விழா அழைப்பிதழ் முழங்கியது. அந்த நாளின் தேதிதான் தப்பாக அச்சாகிவிட்டது. முந்நூறு அழைப்பிதழ்களையும் பேனாவால் திருத்தினார்கள்.

திருத்தியவர்களில் லேசர் ஆபரேட்டரும் ஒருவர். மூன்று மாதமாக அவருக்கு இரட்டை ஷிப்ட். ஒரு ரோபோ தகட்டை எடுத்து வைக்கும், லேசர் வெட்டும், இன்னொரு ரோபோ அடுக்கும். மூன்றும் முட்டிக்கொள்ளாமல் பழக்கி முடிப்பதற்குள் அவர் கண்ணுக்குக் கீழே பை விழுந்துவிட்டது.

மேலாளர் வந்தார். "சேர்மன் யோசனைய்யா. திறப்பு விழா ரிப்பனை லேசரே வெட்டணும்."

"வெட்டாது சார். கீழே இரும்பு இருக்கான்னு பார்த்துத்தான் அதோட தலை இறங்கும். துணி அதுக்குத் தெரியாது. அடியில தகடு வச்சுக்கலாமா?"

"தகட்டுல ஒட்டினா அது ரிப்பனாய்யா? தொங்கணும், ஆடணும். இத பாரு, நல்லபடியா நடந்தா மிஷின் உன் பொறுப்பு, பகல் ஷிப்ட் மட்டும். சொதப்பினா பேக்கிங்குக்குப் போய் டேப் ஒட்டு."

பகல் ஷிப்ட் என்றதும் ஆபரேட்டருக்குத் தூக்கம் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை மனைவியின் தையல் பெட்டியைக் குடைந்தார்.

"என்னங்க, என் கத்தரிக்கோல் எதுக்கு? அதுல பேப்பர் வெட்டினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"பேப்பர் இல்லம்மா. ரிப்பன்."

"லேசர் என்ன ஆச்சு?"

"அதுக்கு இன்னைக்கு லீவு."

விழாவில் நாற்பது பேர் லேசர் கூண்டின் பச்சைப் பாதுகாப்புக் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். ஆபரேட்டர் லேசரை அணைத்துப் பூட்டிவிட்டு, வெட்டும் தலையை வெறுமனே மெதுவாக நகரவிட்டு, மேசைக்குப் பின்னால் குந்தியிருந்தார். முட்டி வலித்தது. வெட்டும் இடத்தைக் காட்டும் சிவப்பு விளக்குப் புள்ளி ரிப்பனைத் தொட்டது, தலையிலிருந்து காற்று சீறியது, அவர் நறுக்கென்று வெட்டினார்.

"ஒரு மனிதக் கைகூடப் படவில்லை!" என்று சேர்மன் தழுதழுத்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. ஆபரேட்டர் அதுவரை குந்தியே இருந்தார்.

அடுத்த வாரம் மேலாளர் கூப்பிட்டார். "பிரமாதம்யா! ஆளே வேணாம்னு எல்லார் முன்னாடியும் நிரூபிச்சுட்டே. சேர்மனும் அதையேதான் சொல்றார்: அப்புறம் அங்க ஆள் எதுக்குன்னு."

"அப்ப நான், சார்?"

"பேக்கிங்ல ஒரு ஆள் குறையுதாம்."

ஆபரேட்டர் லேசரின் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பேக்கிங்கில் அவருக்கு வந்த முதல் வேலை, நிறுவனத்தின் புதிய விளம்பரப் புத்தகத்தைப் பெட்டியில் அடுக்குவது. அட்டையில் 'மனிதக் கை படாத உற்பத்தி' என்று போட்டிருந்தது. அதன் கீழே விழாப் படம். படத்தின் இடது மூலையில் அவருடைய கையும், ஆரஞ்சுப் பிடி போட்ட தையல் கத்தரிக்கோலும் தெளிவாக விழுந்திருந்தன.