செங்கோடன் யோசித்த நேரம்

திண்ணையில் கிடத்தியிருந்த அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துச் சண்முகவேல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது புரோகிதர் மறுபடியும் கேட்டார்.

"உசுரு எப்ப போச்சு? மூணு மணிக்கு அவிட்டம் பொறந்துருச்சு. அதுக்கு முந்தின்னா தோஷமில்லெ. பிந்தின்னா, செத்த அறையை ஆறு மாசம் அடைக்கோணும்."

செத்த அறையில்தான் சோறு போடும் தறிகள் இருந்தன. அப்பா செங்கோடன் சாவதற்கு வேறு அறை பார்த்திருக்கலாம்; வீட்டில் வேறு அறை இல்லை.

உள்ளே சதுரங்கக் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு முகம். காயை நகர்த்தியவர் தன் பக்கத்துக் குமிழை அமுக்கினால் அவர் முகம் நின்று எதிராளியின் முகம் ஓடும். நேரம் தீரப்போகும்போது முள் ஒரு சிவப்புக் கொடியைத் தூக்கும். தீர்ந்ததும் கொடி விழும், ஆட்டம் போச்சு.

ரயில்வே குமாஸ்தா தீர்த்தகிரி சனிக்கிழமைதோறும் சூரமங்கலத்திலிருந்து அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிவருவார். நிமிஷம் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. ஒருமுறை தும்மல் வந்த நேரத்தில் அப்பாவின் கொடி விழுந்தது. தும்மலைக் கழித்துக்கொள்ளும்படி அப்பா கேட்டார். குமாஸ்தா கழிக்கவில்லை.

இன்றும் அப்பாவின் கொடி விழுந்தபின், "நேரமாயிருச்சுங்க" என்று சொல்லித்தான் அவர் பலகையிலிருந்து நிமிர்ந்தார். அப்பா கன்னத்தில் கைவைத்து யோசித்தபடியே போயிருந்தார்.

மூன்று மணிக்கு மில் சங்கு ஊதிய பிறகு அப்பா ஒருமுறை செருமியதை வாசலிலிருந்த சண்முகவேல் கேட்டிருந்தான். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கும் காது உண்டு.

"குமாஸ்தாவைக் கேளுங்க சாமி," என்றாள் பாவாயி, அழுகையை நிறுத்திவிட்டு. "எங்கூட்டுக்காரரு செத்தாலும் அவரு நேரத்தைத் தப்பாச் சொல்ல மாட்டாரு."

அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சண்முகவேலின் கையில் முடிச்சு நழுவியது.

தீர்த்தகிரி மேல்துண்டை எடுத்தார், மடித்தார், மறுபடியும் பிரித்தார்.

"காயை நகர்த்திக் குமிழை அமுக்கினாருங்க. அதோட சரி."

"சங்கு?"

"அப்ப ஊதலீங்க."

"அப்படின்னா திருவோணம். அடைப்பில்லெ," என்று புரோகிதர் பஞ்சாங்கத்தை மூடினார். "அடுத்த வேலையைப் பாருங்கப்பா."

குமாஸ்தா யார் முகத்தையும் பார்க்காமல் தறியறைக்குள் போனார்.

குளிப்பாட்டக் குடம் எடுக்கப்போன சண்முகவேல் கதவருகே நின்றான். தீர்த்தகிரி அப்பாவின் மந்திரியை ஒரு கட்டம் நகர்த்தினார். நல்ல இடமாகப் பார்த்துத்தான் வைத்தார். பிறகு அப்பா பக்கத்துக் குமிழை அமுக்கிவிட்டுத் தன் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. சண்முகவேல் மறுபடியும் போய்க் கூப்பிட்டான்.

"மாமா, எல்லாரும் போட்டாச்சுங்க. நீங்கதான் பாக்கி."

"இரு சாமி. என் முறைதான் ஓடுது."

அவர் காய் எதையும் தொட்டிருக்கவில்லை. அவர் பக்கத்து முள் மெல்லக் கொடியைத் தூக்க ஆரம்பித்திருந்தது.